சும்மா கிடக்கும் ட்ரான்ஸ்போமரை யார் பார்க்கிறது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. அன்றைக்கு வந்த மீம்கள் இன்னும் எல்லோருடைய போனிலும் கிடக்கும். நாங்களும் பகிர்ந்தோம், சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது: அந்த மின்மாற்றி உண்மையிலேயே எரிந்து நாசமாகிப் போயிருந்தால், தூக்கிப் போட்டுவிட்டு வைக்க இன்னொன்று இருக்குமா? இருந்தால் அது எங்கே, எப்படிக் கிடக்கும்?

இதைத் தேடி வாசிக்கப் போய்த்தான், மேலதிக மின்மாற்றிகளுக்கென்று ஒரு தனி வரலாறு இருப்பது தெரிந்தது. மின்மாற்றியின் வரலாறு எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரியும். பள்ளிக்கூடத்தில் 'நிலைமாற்றி' என்று படித்தோம், பத்திரிகைகள் 'மின்மாற்றி' என்கின்றன, ஊரில் ட்ரான்ஸ்போமர். ஆனால் வேலை செய்யாமல் வருடக்கணக்கில் ஒரு மூலையில் கிடக்கும் மின்மாற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். தெருக்கம்பத்தில் தொங்கும் சின்ன மின்மாற்றியை நாங்கள் இங்கே பேசவில்லை. அது நம் நாட்டிலேயே தயாராகிறது, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரே நாளில் மாற்றிவிடலாம். 132, 220 கிலோவோல்ட் மின்வலையில் நிற்கும் பெரியவை வேறு சாதி. அமெரிக்காவில் பெரிய மின்நிலையங்களில் நிற்பவை 100 தொன்னிலிருந்து 400 தொன் வரை வரும். கடையில் அடுக்கி வைத்து விற்கிற சாமான் இல்லை, ஒவ்வொன்றும் ஓடர் கொடுத்துச் செய்விப்பது. பத்து வருடத்துக்கு முன்பே ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021க்குப் பிறகு உலகம் முழுக்க கேள்வி கூடி, இரண்டு, மூன்று வருடம் என்று இழுபடுகிறது. நம்மைப் போல் இறக்குமதியை நம்பியிருக்கும் நாடு இந்த வரிசையில் எங்கே நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருப்பதென்றால் என்னவென்று, ஜாம் போத்தல் விளக்கில் படித்தும் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டும் வளர்ந்த யாழ்ப்பாணத்து அண்ணன் அக்காமாருக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைக்கவேணும். இது எல்லோருக்கும் விளங்குகிற நியாயம். அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த கதை, ஒரு தோல்வியில் தொடங்குவது. 1970களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பொது மின்சார நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஐந்து அணு உலைகள் கட்டப் புறப்பட்டன. செலவு எகிறியது, மின்சாரத் தேவை எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. 1982 ஜனவரியில் நான்காம், ஐந்தாம் உலைகளைக் கைவிட்டார்கள். அடுத்த வருடம், அவற்றுக்காக விற்ற 2.25 பில்லியன் டொலர் கடன்பத்திரங்களுக்குப் பணம் கொடுக்க ஏலாமல் நிறுவனம் கையை விரித்தது. அதுவரை அமெரிக்க உள்ளூராட்சிக் கடன்பத்திர வரலாற்றிலேயே பெரிய முறிவு அதுதான். ஓய்வூதியக் காசைப் போட்ட சாதாரண சனங்கள் நொந்துபோனார்கள். நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தை 'வூப்ஸ்' என்று உச்சரித்துக் கேலி செய்தார்கள். 'ஐயையோ' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் கடைசியில் ஓடியது ஒன்றே ஒன்று.

உலை கட்டுப்படவில்லை. ஆனால் உலைக்கென்று வாங்கிய சாமான் இருந்தது.

இனி நாட்டின் மறுகரைக்குப் போவோம். 1989 மார்ச் 13. சூரியனிலிருந்து வந்த ஒரு பெரும் காந்தப்புயல் பூமியைத் தாக்கியது. கனடாவின் கியூபெக் மின்வலை ஏறத்தாழ 90 செக்கனில் சரிந்தது, 60 இலட்சம் பேர் ஒன்பது மணித்தியாலம் இருட்டில் இருந்தார்கள். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடும். அதே புயல், நியூ ஜேர்சியில் டெலவெயர் ஆற்றங்கரையில் உள்ள சேலம் அணு மின்நிலையத்திலும் (தமிழ்நாட்டுச் சேலம் இல்லை) கை வைத்தது. காந்தப்புயல் நீண்ட மின்கம்பிகளில் ஒரு மெதுவான, நேரோட்டம் போன்ற மின்னோட்டத்தை ஏற்படுத்தும். மின்மாற்றியின் இரும்பு அகணி அதைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதல்ல. அது நிரம்பிப்போக, காந்தப்பாயம் போகக்கூடாத இடங்களுக்குள் சிந்தி, அங்கே சூடேற்றும். சேலத்தின் பெரிய மின்மாற்றி அப்படித்தான் உள்ளுக்குள் வெந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எண்ணெயில் கரைந்திருந்த வாயுக்களின் அளவு எகிறியபோதுதான் விடயம் பிடிபட்டது. திறந்து பார்த்தால் தடித்த செப்புக் கடத்திகள் உருகிக் கிடந்தன.

புதிதாகச் செய்விக்கப் போனால் உலை ஒரு வருடத்துக்கு மேல் சும்மா நின்றிருக்கும். வாஷிங்டனில் கைவிடப்பட்ட அந்த அணு மின்நிலையத் திட்டத்துக்கென்று வாங்கப்பட்ட மின்மாற்றி பொருந்தியது. கண்டத்தைக் கடந்து கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ ஆறு வாரத்தில் சேலம் திரும்ப ஓடியது.

இதை எல்லோரும் அதிர்ஷ்டக் கதையாகத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அப்படியொன்று இருந்தது அதிர்ஷ்டம், சரி. ஆனால் ஒரு மின்மாற்றி இருப்பதும், அது வருடங்கள் கழித்துப் பூட்டியவுடன் வேலை செய்வதும் ஒன்றில்லை. ஏனென்று விளங்க அதன் வயிற்றுக்குள் பார்க்கவேணும்.

உள்ளே இருப்பது இரும்பும் செம்பும் எண்ணெயும் என்றுதான் நினைக்கிறோம். அதன் ஆயுளைத் தீர்மானிப்பது நான்காவது பொருள்: தாள். செப்புக் கம்பிகளைச் சுற்றிய தாள், சுருள்களுக்கு இடையில் வைத்த அழுத்திய அட்டை. நம் கொப்பித் தாளின் உறவுக்காரன்தான், மரக்கூழ். 1891இல் ஜேர்மனியின் லாவுஃபனிலிருந்து பிராங்பேர்ட் வரை 175 கிலோமீற்றர் தூரம் மின்சாரம் அனுப்பிக் காட்டியபோதே மின்மாற்றிகள் எண்ணெயில் மூழ்கியிருந்தன. எண்ணெயும் தாளும் சேர்ந்த காவலி இன்றுவரை பெரும்பாலும் அதே கூட்டணிதான். எண்ணெய் பழுதானால் வடிகட்டலாம், மாற்றலாம். தாளை மாற்ற ஏலாது, மாற்றுவதென்றால் மின்மாற்றியையே திரும்பச் சுற்றவேணும்.

தாளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெப்பம். 1930இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மொன்ட்சிங்கர், வெப்பநிலை 8 பாகை கூடினால் காவலியின் ஆயுள் பாதியாகும் என்று கணக்குப் போட்டார். சும்மா கிடக்கும் மின்மாற்றிக்கு இந்தப் பயம் இல்லை. மற்றது ஈரம். தொழிற்சாலையில் மின்மாற்றியை வெற்றிடத்தில் வைத்து நாட்கணக்கில் உலர்த்தி, தாளின் ஈரத்தை அதன் நிறையில் 0.5 வீதத்துக்குக் கீழே கொண்டுவருவார்கள். அவ்வளவு காய்ந்த தாள் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருக்கும். சாதாரண காற்றில் விட்டால் 8, 10 வீதம் வரை குடித்துவிடும். மாரியில் பப்படத்தை ரின்னைத் திறந்து வைத்தமாதிரி.

இதில் மோசமானது என்னவென்றால், ஈரம் குடித்த தாள் கிடப்பில் இருக்கும்போது ஒன்றும் செய்யாது. குளிராக இருக்கிறது, மின்னழுத்தம் இல்லை. தீங்கு எல்லாம் சேமிப்பில் இருக்கும். அது வெளியே வருவது, அவசரத்துக்கு அதைக் கொண்டுபோய்ப் பூட்டி முழுச் சுமையையும் ஏற்றும் நாளில். திடீரென்று சூடேறும்போது தாளிலிருந்து நீராவிக் குமிழி கிளம்பும், குமிழி இருக்கும் இடத்தில் காவல் இல்லை. ஊரே இருட்டில் காத்திருக்கும் அந்த நாளில், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு எரிந்த மின்மாற்றி.

அதனால் கிடப்பில் உள்ளதைக் கண்காணிக்க ஒரு தொழில்முறை வளர்ந்தது. பெரியவற்றை எண்ணெய் இல்லாமல்தான் கப்பலில் அனுப்புவார்கள், நிறையைக் குறைப்பதற்காக. தாங்கிக்குள் உலர்ந்த காற்று அல்லது நைதரசன் நிரப்பி, வெளிக்காற்றைவிடச் சற்று அமுக்கம் கூடுதலாக வைப்பார்கள். ஓட்டை இருந்தாலும் வாயு வெளியே போகுமே தவிர ஈரக்காற்று உள்ளே வராது. பக்கத்தில் ஒரு சிலிண்டரும் ஒரு அமுக்கமானியும் இருக்கும். யாராவது ஒருவர் போய் முள்ளைப் பார்த்துக் கொப்பியில் எழுதவேணும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதானா? வாசித்தபோது எங்களைக் கவர்ந்த இடம் இதுதான். புதிதாக வேலைக்கு வந்தவர் முள் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து 'எல்லாம் சரி' என்று எழுதுவார். அனுபவசாலிக்கு அங்கேதான் சந்தேகம் வரும். நல்லாய் மூடிய தாங்கி என்றால், பகல் வெயிலில் அமுக்கம் ஏறவேணும், விடியற்புறம் இறங்கவேணும். மாதக்கணக்கில் ஒரே எண் என்றால் ஒன்றில் தாங்கியில் ஓட்டை, இல்லாவிட்டால் மானி செத்துப்போய்விட்டது. ஆடாத முள் கெட்ட செய்தி. ஆகவே அமுக்கத்தோடு வெப்பநிலையையும் நேரத்தையும் சேர்த்து எழுதாத பதிவேட்டால் பெரிய பிரயோசனம் இல்லை.

அடுத்தது பனிபடுநிலை. உள்ளே உள்ள வாயுவை எவ்வளவு குளிராக்கினால் அதிலுள்ள ஈரம் துளியாகும் என்று அளப்பது. வாயுவும் தாளும் ஒரு நாளாவது ஒன்றாக இருந்து சமநிலைக்கு வந்த பிறகு அளந்தால், வாயுவின் ஈரத்திலிருந்து தாளின் மேற்பரப்பு ஈரத்தை ஊகிக்கலாம். இதற்கு உதவும் வரைபடத்தை பைப்பர் என்பவர் 1946இல் வெளியிட்டார், இன்றும் அவருடைய பெயரிலேயே வழங்குகிறது. உலர்ந்த மின்மாற்றி என்றால் அந்த எண் பூச்சியத்துக்குக் கீழே 30, 40 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்.

நைதரசனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட மனமில்லை. அதற்கு மணமில்லை, நிறமில்லை. நைதரசன் நிரம்பிய தாங்கிக்குள் ஒரு ஆள் தலையை நீட்டினால் மூச்சுமுட்டுவது போலக்கூடத் தோன்றாது, ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார். பிடிக்கப் போகிற மற்ற ஆளும் விழுவார். 1992க்கும் 2002க்கும் இடையில் அமெரிக்காவில் மட்டும் எல்லாத் தொழில்களிலும் சேர்த்து 80 பேர் நைதரசனால் இறந்ததாக அங்குள்ள இரசாயனப் பாதுகாப்புச் சபை 2003இல் சொன்னது. இப்போது பலர் உலர்ந்த காற்றை விரும்புவதற்கு இது ஒரு காரணம். தாளைக் காப்பாற்றுகிற வாயு ஆளைக் கொல்லக்கூடாது.

வாயுவோடு அதிக காலம் வைத்திருக்க முடியாது. பொதுவாக மூன்று மாதம், கூடினால் ஆறு மாதம். அதற்கு மேல் கிடக்கப்போகிறது என்றால் எண்ணெய் நிரப்பவேணும் என்பதுதான் வழக்கமான அறிவுரை. நிரப்பியதும் எண்ணெய் வெயிலுக்கு விரிந்து, இரவில் சுருங்கி, மின்மாற்றி மூச்சுவிடத் தொடங்கும். அந்த மூச்சின் வழியில் ஒரு கண்ணாடிக் குடுவையில் சிலிக்கா ஜெல் இருக்கும், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற அதே சாமான். முன்பு நீலம், ஈரமானால் இளஞ்சிவப்பு. நீலத்துக்காகச் சேர்த்த கோபால்ட் குளோரைட் புற்றுநோயைத் தரக்கூடியது என்று தெரிந்த பின், செம்மஞ்சளிலிருந்து பச்சையாகும் வகை வந்திருக்கிறது. இப்போது ஒரு ஆள் போய் நிறத்தைப் பார்க்கவேணும்.

எண்ணெய் நிரப்பியாச்சு, மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று தோன்றும். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். 10 தொன் தாள் உள்ள மின்மாற்றியில் 1 வீத ஈரம் என்றால் 100 லீற்றர் தண்ணீர். அதே மின்மாற்றியில் 50,000 லீற்றர் எண்ணெய், அதில் பத்து இலட்சத்தில் 10 பங்கு ஈரம் என்றால் மொத்தமே அரை லீற்றருக்குக் குறைவு. தண்ணீர் எல்லாம் தாளில், ஆய்வுகூடம் பார்ப்பதோ எண்ணெயை. ஓடுகிற மின்மாற்றி சூடாக இருக்கும், சூடு தண்ணீரைத் தாளிலிருந்து எண்ணெய்க்குத் தள்ளும், எண்ணெய் கொஞ்சமாவது உண்மை பேசும். கிடப்பில் உள்ளது குளிர்ந்திருக்கும், தாள் தன் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அறிக்கை 'எண்ணெய் உலர்வாக உள்ளது' என்று வரும். பொய்யில்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

கரைந்த வாயு ஆய்வுக்கும் இதே கதி. சேலத்தின் காயத்தைக் காட்டிக்கொடுத்தது அந்த ஆய்வுதான். 1974இல் கியூபெக்கின் மிஷேல் டுவால் வரைந்த முக்கோணத்தை இன்றும் பொறியியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வாயு பிறக்கச் சூடு வேணும், மின்பொறி வேணும். கிடப்பில் உள்ளதில் இரண்டும் இல்லை. மருத்துவப் பரிசோதனைகள் எல்லாம் உயிரோட்டமுள்ள உடம்பை வைத்து வளர்ந்தவை, தூங்குகிற மின்மாற்றியிடம் அவை அநேகமாக ஊமை. அதனால்தான் வேறு கருவிகளிடம் போகவேண்டியிருக்கிறது: காவல் தடையை அளக்கும் மெகர், 1920இல் ஷேரிங் அமைத்த பாலத்தின் வழி வந்த இழப்புக்கோண அளவீடு. இவற்றையும் ஒரே தடவை அளந்தால் காணாது. வந்து இறங்கிய நாளில் ஒரு எண் எடுத்து வைத்திருந்தால்தான் ஐந்து வருடம் கழித்து எடுக்கும் எண்ணுக்கு அர்த்தம் வரும். சில நிறுவனங்கள் இன்னொரு வழி பிடிக்கின்றன: சுமை இல்லாமல் மின்னழுத்தத்தை மட்டும் கொடுத்து மேலதிக மின்மாற்றியைச் சூடாக வைத்திருப்பது. தாள் உலர்ந்திருக்கும், எண்ணெயும் பேசும். ஆனால் சும்மா நிற்பதற்கு இரவு பகலாக மின்சாரம் செலவாகும், கணக்காய்வாளர் கேட்பார்.

சின்னச் சின்ன விடயங்கள் இன்னும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பனி பிடிக்காமல் ஒரு சின்ன ஹீற்றர் எரியவேணும். விசிறிகளையும் பம்பிகளையும் இடைக்கிடை ஓடவிடவேணும். தாங்கிக்கு நிலத்தொடுப்பு இருக்கவேணும். எலி வயரைக் கடிக்கும், குளவி குழாய்க்குள் மண்கூடு கட்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்கவேண்டியது, மேலே கொம்புபோல் நிற்கும் புஷிங்குகள். மின்சாரம் தாங்கியின் இரும்புச் சுவரைத் தொடாமல் உள்ளே நுழைவது இவற்றின் வழியாகத்தான். இவற்றைக் கழற்றித் தனியே வைப்பார்கள். எண்ணெய் ஊறிய தாள் வகையை நீண்ட காலம் படுக்கையில் கிடத்தக்கூடாது, தலைப்பக்கம் உயர்த்தி வைக்கவேணும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வாயு தாளுக்குள் நுழைந்துவிடும்.

இனி அரசியலுக்கு வருவோம். 2001 செப்ரெம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க மின்நிறுவனங்கள் தங்கள் மேலதிக மின்மாற்றிகளை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன, 2006இல் அது ஒழுங்குமுறை அனுமதி பெற்றது. 2012 மார்ச்சில், அவசரத்துக்கென்றே வடிவமைத்த மூன்று 345 கிலோவோல்ட் மின்மாற்றிகளை செயின்ட் லூயிஸிலிருந்து ஹூஸ்டனுக்கு லொறிகளில் கொண்டுபோய் ஒரு வாரத்துக்குள் பூட்டி ஓடவைத்துக் காட்டினார்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 16 அதிகாலை, கலிபோர்னியாவின் மெற்கால்ஃப் உபமின்நிலையத்தில் இனந்தெரியாதவர்கள் துப்பாக்கியால் சுட்டு 17 மின்மாற்றிகளின் எண்ணெயை ஒழுகவிட்டார்கள். பாராளுமன்றம் விழித்தது, அரசே ஒரு மின்மாற்றிக் களஞ்சியம் வைக்கலாமா என்று 2015இல் சட்டம் போட்டுக் கேட்டது. 2017இல் வலுசக்தித் திணைக்களம் கொடுத்த பதில்: தேவையில்லை, தொழில்துறையே பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த விவாதங்களை வாசித்தால் கேள்வி எப்போதும் 'எத்தனை இருக்கிறது' என்பதில்தான் நிற்கிறது. எண்ணிக்கைக்கு நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். முள் பார்க்கிறவருக்குச் சம்பளம் ஒதுக்குவதை யாரும் படம் எடுக்கப்போவதில்லை. எங்கள் பார்வையில் இந்த வரலாற்றின் பலவீனமான கண்ணி அந்தச் சம்பளம்தான்.

அளந்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் அண்மையில் பதில் வந்தது. 2025 மார்ச் 20 இரவு லண்டனின் நோர்த் ஹைட் உபமின்நிலையத்தில் ஒரு மின்மாற்றி தீப்பிடித்தது, மறுநாள் ஹீத்ரோ விமானநிலையம் மூடப்பட்டது. இது கிடப்பில் இருந்ததல்ல, ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் யூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை காட்டிய காரணம் நமக்குப் பழக்கமான ஆள்தான்: பெரும்பாலும் புஷிங் ஒன்றுக்குள் புகுந்த ஈரம். அந்த ஈரம் 2018 யூலையில் எடுத்த எண்ணெய் மாதிரியிலேயே தெரிந்திருந்தது. எண் பதியப்பட்டது. செய்யவேண்டிய வேலை செய்யப்படவில்லை. ஏழு வருடம் அந்த எண் பதிவில் கிடந்தது, ஓடுகிற, எல்லோரும் பார்க்கிற மின்மாற்றியிலேயே. ஒருவரும் பார்க்காத மூலையில் கிடப்பதற்கு என்ன நடக்கும்?

நம் நாட்டுக்கு இதில் கூடுதலாக ஒரு பிரச்சினை உண்டு. கொழும்பின் வெளிக்காற்றின் பனிபடுநிலையே சராசரியாக 24 பாகை அளவில் இருக்கிறது. தாங்கிக்குள் இருக்கவேண்டியதோ பூச்சியத்துக்குக் கீழே 30, 40. கியூபெக்கின் குளிர்காலத்தில் ஒரு சின்னக் கசிவு பெரிதாகத் தெரியாமல் போகலாம், இங்கே அதே கசிவு ஒவ்வொரு இரவும் நீராவியை உள்ளே இழுக்கும். அதனால் கேட்கவேண்டிய கேள்விகளும் நமக்கு வேறு: வந்திறங்கிய நாளில் எடுத்த பனிபடுநிலை என்ன, கடைசியாக அளந்தது எந்தத் திகதி, அமுக்கப் பதிவேட்டில் முள் ஆடியிருக்கிறதா, புஷிங்குகள் எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே பார்க்க மூடியைத் திறப்பதென்றால் உலர்ந்த காற்றை விடாமல் ஊதிக்கொண்டே, நேரத்தைக் குறித்துக்கொண்டு திறக்கவேணும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் திறப்பதில்லை.